அந்தக் கைக்குச் சிவப்பு எடுக்குமா

எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பத்தாவதில் கணக்கில் தவறி, திரும்ப எழுதாமல் விட்டவன் நான். நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சம். கடையில் ஆறிப்போன டீயைக் கொடுத்தாலும் மாற்றித் தரச் சொல்லாமல் குடித்துவிட்டு வருகிறவன். இப்படிப்பட்டவன் புத்தகம் படிக்கிறவர்களின் நேரத்தை எடுத்துக்கொள்வது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். மனிதத் தோலுக்குள் போகிற நிறம் அங்கே போய் என்ன ஆகிறது என்பதைச் சில வருடங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதை யாரும் எழுதினதாக என் கண்ணில் படவில்லை. அதனால் எழுதுகிறேன்.

டாட்டூ வேலைக்கு வருவதற்கு முன் நான் பெயர்ப்பலகை எழுதுகிறவன். கடை போர்டு, வண்டி நம்பர், தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயர். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஃபிளெக்ஸ் பேனர் வந்ததும் கடைக்காரர்கள் எங்களைக் கூப்பிடுவது குறைந்துபோனது. அந்தச் சமயத்தில் கடற்கரைக்குப் போகும் தெரு ஒன்றில் ஒருவர் டாட்டூ கடை திறந்தார். கோவாவில் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது சின்னவர். போர்டு எழுதத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் ஸ்கேல் வைக்காமல் கோடு இழுப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அண்ணே, செவுத்துல இவ்ளோ நேராப் போடறீங்க. தோல்ல போடுவீங்களா?"

"தெரியாது தம்பி."

"மாட்டேன்னு சொல்லலல்ல? நாளைக்கு வந்துடுங்க."

இப்படித்தான் சேர்ந்தேன். ஆறு மாதம் பூசணித் தோலிலும் வாழைப்பழத் தோலிலும் மிஷினைப் பிடித்துப் பழகிய பிறகுதான் மனிதக் கையைத் தொட விட்டார்.

முதலில் வந்தவர்களில் பாதிக்கு மேல் வெள்ளைக்காரர்கள். கடையில் இருந்த கேட்லாக்குகளும் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அதில் ஒவ்வொரு படமும் வெள்ளைக் கையில், வெள்ளை முதுகில் போட்டது. தோல் அங்கே காகிதம் மாதிரி. எந்த நிறத்தை வைத்தாலும் வைத்தபடி நின்றது. பிறகு நம் ஊர்க்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். காலாப்பட்டில் படிக்கிற பிள்ளைகள், படகில் போகிறவர்கள், வில்லியனூர் பக்கத்துக் கிராமங்களிலிருந்து டவுனுக்கு வேலைக்கு வருகிறவர்கள். அவர்களும் அதே கேட்லாக்கைப் புரட்டி, அதே படத்தைக் காட்டினார்கள். அதே மைதான், அதே ஊசிதான். ஆனால் ஆறின பிறகு வேறு ஒன்றாக இருந்தது. மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று சேர்ந்து திட்டாகிவிட்டன. இளநீலம் சாம்பலாகிவிட்டது.

இது ஏன் என்று எனக்குள் ஒரே குடைச்சல். கடை முதலாளித் தம்பியைக் கேட்டால், "கருப்புல போட்டாப் பிரச்சன இல்லண்ணே, நம்மாளுங்களுக்கு அதுதான்" என்று முடித்துவிட்டார்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். மை தோலுக்கு மேலே உட்காருவதில்லை. கீழே போய் உட்காருகிறது. ஆறின பிறகு அதன்மேல் நம் தோலே ஒரு கண்ணாடி மாதிரி மூடிக்கொள்கிறது. வெள்ளைக்காரருக்கு அது வெறும் கண்ணாடி. நமக்கு டீ ஊற்றின கண்ணாடி. இதைச் சோதித்துப் பார்க்க ஒருநாள் வீட்டில் பால் விடாத டீயைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி, அடியில் கலர் கலராகச் சட்டைப் பட்டன்களைப் போட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மஞ்சள் பட்டன் காணாமலே போய்விட்டது. பச்சை தாக்குப்பிடித்தது. சிவப்பு, டீ எவ்வளவு திக்கு என்பதைப் பொறுத்து மாறியது.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "டீயில பட்டனப் போட்டு இன்னா பாக்கறீங்க? சக்கர இல்லன்னா சொல்றதுதானே?"

அதற்குப் பிறகு என் தொடையில் எட்டுக் கட்டம் போட்டு, எட்டு நிறம் ஏற்றினேன். ஒரு மாதம் தினமும் லுங்கியை விலக்கிப் பார்த்துக்கொண்டேன். மஞ்சள், மஞ்சள் தேய்த்துக் குளித்த கறை மாதிரி நின்றது. வெள்ளை, பழைய தழும்பு மாதிரி ஆனது. பச்சை நன்றாக இருந்தது. சிவப்பும் நன்றாகவே இருந்தது, நல்ல குங்குமச் சிவப்பு. எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.

ஒரு நோட்டுப் போட்டேன். வருகிறவர்களின் தோல் நிறம், போட்ட மை, ஆறின பிறகு எப்படி இருந்தது என்று மூன்று பத்தி. ஆறின பிறகு வந்து காட்டச் சொல்லிக் கெஞ்சுவேன். பாதிப் பேராவது வருவார்கள். பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்து ஓய்வுபெற்ற சொல்தா ஒருவர், தோளில் நங்கூரம் போட்டுக்கொண்டவர், ஒவ்வொரு மாதமும் வந்து சட்டையைக் கழற்றி, "பார்த்து எழுதும்" என்று நிற்பார். இரண்டு வருடத்தில் நோட்டு கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது. அதைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்படி இருந்தபோதுதான் அந்த அக்காள் தங்கை இரண்டு பேரும் வந்தார்கள். மூத்தவருக்கு முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று இருக்கும். தேங்காய்த்திட்டில் மீன் ஏலம் எடுத்து ஓட்டல்களுக்குப் போடுகிறவர். நல்ல உயரம், நல்ல கருப்பு, கணீர் என்ற குரல். உள்ளே வந்து உட்கார்ந்ததுமே முன்கையை மேஜைமேல் நீட்டி, "இதுல ஒரு செம்பருத்தி வேணும். செவப்புல" என்றார்.

கடைத் தம்பி கையைப் பார்த்தார். "அக்கா, கருப்புல போட்டுக்கலாம். நல்லா இருக்கும். செவப்பு உங்களுக்கு எடுக்காது."

மூத்தவர் முகம் மாறிவிட்டது. தங்கை சிரித்துவிட்டாள். "இங்கியுமா? பொடவக் கடையிலதான் இதச் சொல்லுவான்."

"நீ சும்மா இருடி" என்று அவளை அதட்டிவிட்டு மூத்தவர் எங்கள் பக்கம் திரும்பினார். "தம்பி, பொறந்ததுலேருந்து இதேதான் கேக்கறேன். கடைக்குப் போனா, நான் செவப்பக் காட்டுன்னா அவன் பச்சைய எடுத்துப் போடறான். என் கல்யாணத்துக்கே பச்சதான். எங்கம்மா சொல்லிடுச்சி, செவப்பு கட்டினா நீதான் தெரியுவ, பொடவ தெரியாதுன்னு. பொடவையாவது அவுத்துப் போட்டுடலாம். இது எங்கூடவே இருக்கும்ல. ஒண்ணாவது செவப்பா இருக்கட்டும்னு வந்தேன். இல்லன்னா வேணாம். கருப்புக் கையில கருப்புப் பூவ வெச்சிக்கிட்டு இன்னா செய்ய?"

எழுந்துவிட்டார். அவருக்கு அது விளையாட்டு இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. தங்கையின் தோளைப் பிடித்து வாசல் பக்கம் திருப்பியபோது அவர் விரல்கள் அழுத்திப் பிடித்திருந்தன.

நான் வாடிக்கையாளர்களிடம் பேசுவதே கிடையாது. கையைக் காட்டுங்க, வலிக்குதா, அவ்வளவுதான். அன்றைக்கு என்ன ஆனதோ, "எடுக்கும்" என்றேன்.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. நோட்டை எடுத்துப் புரட்டினேன். மாநிறம், சிவப்பு, நன்று. மாநிறம், சிவப்பு, நன்று. மூன்று இடத்தில் அப்படியே இருந்தது.

"நோட்டுல இருக்கு. எடுக்கும்."

"அண்ணே, நெசமா?" என்று மூத்தவர் கேட்டார்.

"நெசமாத்தான்."

கேட்லாக்கில் இருந்த ஒரு செம்பருத்தியை, இரண்டு விரல் அகலத்துக்கு, இதழில் ரோஸ் தொடங்கி அடர்சிவப்பு வரை ஷேட் கொடுத்துப் போட்டேன். போட்டு முடித்துத் துடைத்தபோது கண்ணைப் பறித்தது. அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தங்கை, "ஐயோ, நெசமாவே பூத்துடுச்சிக்கா" என்றாள். அவ்வளவு நேரம் வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. புதுசாகப் போட்ட எந்த நிறமும் அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருக்கும், மேல்தோல் இன்னும் மூடியிருக்காது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நானும் அதைப் பார்த்து மயங்கி நின்றேன்.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். மூத்தவர் உட்கார்ந்தார். கையை மேஜைமேல் வைத்தார். பூ இருந்த இடத்தில் கருஞ்சிவப்பாக ஒரு திட்டு. இதழ் எது, நடு எது என்று தெரியவில்லை.

"ஏலத்துல ஒருத்தன் கேக்கறான், கையில இன்னா, மீன் ஈரல் ஒட்டிட்டு இருக்கா, கழுவிட்டு வான்னு" என்றார். "அந்தாண்ட போயி கைய முந்தானைக்குள்ள வெச்சிக்கிட்டேன். எடுக்கும்னீங்களே."

கடைத் தம்பி உள்ளேயிருந்து, "நான் அப்பவே சொன்னேன்" என்றார்.

நோட்டை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். பொய் சொல்லவில்லை என்று காட்டத்தான். அவர் அதை இழுத்து விரல் வைத்துப் படித்தார். படித்துக்கொண்டே போனவர் ஒரு வரியில் நிறுத்தினார்.

"இது நானா?"

அன்றைய வரி. தேங்காய்த்திட்டு, செம்பருத்தி என்று எழுதி, தோல் நிறம் என்ற பத்தியில் மாநிறம் என்று போட்டிருந்தேன்.

"யாரு மாநிறம்? நானா?" தங்கையிடம் காட்டினார். அவள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். "அக்கா, உனக்கு மறுபடி மாப்ள பாக்கறாங்க போல."

"சரி, இது யாரு? செவப்பு, நன்றுன்னு போட்டிருக்கு."

"காலாப்பட்டுல படிக்கிற பொண்ணு."

"இன்னா கலரு?"

யோசித்தேன். "கோதும மாதிரி."

"அது மாநிறம். நானும் மாநிறம். இது?"

"ஓட்டல்ல வேல பாக்கறவரு. அவரும்… வெளுப்புதான்."

"இது?"

"அது என் தொட."

தங்கை சிரிப்பில் நாற்காலியிலிருந்து விழப் பார்த்தாள். மூத்தவரும் சிரித்துவிட்டார். எனக்குத்தான் தலை நிமிரவில்லை. வெயில் படாத என் தொடையையும், அந்தப் பெண்ணின் கையையும், உப்புக்காற்றிலும் வெயிலிலும் நிற்கிற இவர் கையையும் ஒரே வார்த்தையில் அடைத்து வைத்திருந்தேன். நோட்டைத் தொடக்கத்திலிருந்து புரட்டினேன். வெள்ளைக்காரரைத் தவிர எல்லாரும் மாநிறம். அடுப்புக்கரி நிறத்தில் இருந்த சொல்தாகூட மாநிறம். எழுதும்போது அவர்கள் எதிரே உட்கார்ந்திருப்பார்கள். எட்டிப் பார்ப்பார்கள். முகத்துக்கு நேராக ஒருவரைக் கருப்பு என்று எழுத எனக்குக் கை வராது. எங்கள் வீட்டில் எனக்குப் பெண் பார்த்தபோதும் என்னை மாநிறம் என்றுதான் சொன்னார்கள். பெண் வீட்டாரும் பெண்ணைப் பற்றி அதையேதான் சொன்னார்கள். இரண்டு பக்கமும் யாரும் எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை. அந்தப் பழக்கத்தை அப்படியே நோட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். இரண்டு வருட வேலை. அதை வைத்துக்கொண்டு ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

"நாங்க மீனத் தூக்கிப் பாத்து, செவுளப் பாத்து, அப்புறம்தான் ஏலம் கேப்போம். நீங்க என் கையப் பாக்காமலே கேட்டுட்டீங்க" என்றார். "இப்பப் பாருங்க. பாத்து எழுதுங்க. கருப்புன்னு எழுதினா பேனா ஒடஞ்சிடுமா?"

மாநிறம் என்பதை அடித்துவிட்டுக் கருப்பு என்று எழுதினேன். அவர் அதைப் படித்துவிட்டுத் தலையாட்டினார், கடையில் எடை சரியாக இருக்கிறது என்று பார்த்துக்கொள்கிற மாதிரி.

"இப்பச் சொல்லுங்க. எடுக்குமா, எடுக்காதா?"

"தெரியல" என்றேன். அதுவரை அந்த மேஜையில் நான் சொன்ன பேச்சுகளில் அது ஒன்றுதான் உண்மை.

"தெரிஞ்சிக்க வழி இருக்கா?"

இருந்தது. எங்களிடம் சிவப்பு என்ற பெயரில் ஐந்து பாட்டில் இருந்தன. கருஞ்சிவப்பிலிருந்து ஆரஞ்சு வரை. முழங்கைக்குக் கீழே, வெளியே தெரியாத பக்கமாக, அரிசியளவு ஐந்து புள்ளி வைத்துப் பார்க்கலாம் என்றேன். புடைத்துக்கொள்கிற தோலா என்றும் பார்க்க வேண்டும். சிலருக்குக் காயம் ஆறின இடம் தடித்து எழும்பிவிடும். அவர் விரல்களைக் காட்டச் சொன்னேன். மீன் முள்ளும் கத்தியும் பட்ட பழைய வெட்டுகள் நிறைய இருந்தன. எல்லாம் தட்டையாக ஆறியிருந்தன. அந்தப் பயம் இல்லை என்று தெரிந்தது.

ஐந்து புள்ளி வைத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தால் போதும் என்றேன். அவர் வாரா வாரம் வந்தார். ஓட்டலுக்கு மீன் போட்டுவிட்டுக் காலிக் கூடையை வாசலில் வைத்துவிட்டு வருவார். இரண்டு பேரும் கையை வாசல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்ப்போம். ட்யூப் லைட்டை நம்பக் கூடாது என்று இதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. தெருவில் போகிறவர்கள் என்னமோ கைரேகை பார்க்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். முதல் மூன்று புள்ளியும் வாரத்துக்கு வாரம் ஒன்றுபோல ஆகிக்கொண்டே வந்தன. ஆறாவது வாரம் பார்த்தபோது அவை மச்சம் மாதிரி இருந்தன. ஐந்தாவது செங்கல். நாலாவது மட்டும் சிவப்பு. யார் பார்த்தாலும் சிவப்பு.

அந்த நாலாவது பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். தக்காளி நிறம். யாராவது சிவப்பு கேட்டால் நான் கைவைக்கவே மாட்டேன். அவருடைய தோல் தன் கருமையை அதில் கொஞ்சம் கலந்து, அதைச் செம்பருத்தி ஆக்கியிருந்தது. இத்தனை நாள் நான் தோலைக் காகிதம் என்று நினைத்து, நிறத்தை முழுசாகப் பாட்டிலிலேயே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். பாதி நிறம் அவரிடமே இருந்தது.

"நாலாம் நம்பரா?" என்று கேட்டார்.

"நாலாம் நம்பர்."

இனிப் பழைய திட்டை என்ன செய்வது? நாலு நாள் வரைந்து வரைந்து கிழித்தேன். செம்பருத்தியின் நடுவில் தொண்டைபோல ஓர் இருண்ட பகுதி இருக்கும். பழைய திட்டை அந்தத் தொண்டையாக வைத்துவிட்டு, அதைச் சுற்றி ஊசி படாத புதுத் தோலில் ஐந்து இதழ், உள்ளங்கை அகலத்துக்கு. ஷேட் கிடையாது. கோடு தடிமன். இதழுக்கும் இதழுக்கும் நடுவில் தீக்குச்சி அகலத்துக்கு ஒன்றும் போடாமல் வெறும் தோல். படகில் பெயர் எழுதும்போது எழுத்துக்கு நடுவில் விடுகிற இடம்தான் தூரத்திலிருந்து படிக்க வைக்கும். பக்கத்துப் படகுக்காரனால் படிக்க முடியவில்லை என்றால் அது பெயர் இல்லை. இதைச் சொன்னதும் அவர், "அப்ப என் தோலும் வேல செய்யுது" என்றார். ஆமாம் என்றேன்.

ஊதா கார்பனில் படத்தை ஒற்றினால் அவர் கையில் தெரியவே இல்லை. முதல் முறை கோடு தெரியாமலே குத்துமதிப்பாகத்தான் போட்டிருந்தேன் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இந்த முறை வெள்ளை மார்க்கர் வாங்கி வந்து கையாலேயே வரைந்தேன். கோடு கோடாக நன்றாகத் தெரிந்தது.

உட்கார்ந்து இரண்டரை மணி நேரம். இனி ஊசி போதும் என்பதை வெள்ளைத் தோல் சிவந்து காட்டிவிடும். இவர் தோல் காட்டாது. அதனால் கொஞ்சம் போட்டுவிட்டு நிறுத்தி, கையுறை விரலால் தடவிப் பார்த்தேன். சூடும் தடிப்பும் ஏறினால் அந்த இதழை விட்டு அடுத்த இதழுக்குப் போனேன். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டே, "அண்ணே, தூங்கிட்டீங்களா, இவ்ளோ மெதுவாப் போடறீங்க" என்றாள். முடிந்தபோது அது ஆரஞ்சாக, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. மூத்தவர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இப்ப நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன்" என்றேன். "ஆறட்டும்."

"சரி" என்று கையைக் கீழே போட்டார்.

அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவர் வரவே இல்லை. முன்பெல்லாம் வாரா வாரம் வந்தவர். வாசலில் கூடை வைக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்குவேன், வேறு யாராவதாக இருக்கும். துறைமுகத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று இரண்டு முறை கிளம்பி, பாதி வழியில் திரும்பிவிட்டேன். அங்கே போய் என்ன கேட்பது? அத்தனை பேருக்கு நடுவில்?

ஒரு வியாழக்கிழமை, பகல் பதினோரு மணி. தெருவில் யாரோ கத்துவது கேட்டது.

"அண்ணே! வெளிய வாங்க! கிட்ட வராதீங்க, அங்கியே நில்லுங்க!"

எதிர்ப் பக்கத்து நடைபாதையில் மூத்தவர் நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் தங்கை. நடுவில் ஆட்டோக்களும் சைக்கிள்களும் போய்க்கொண்டிருந்தன. மூத்தவர் சட்டென்று கையைத் தலைக்கு மேலே தூக்கினார்.

"தெரியுதா?"

தெரிந்தது. நல்ல வெயில். ஐந்து இதழும் தனித்தனியாகத் தெரிந்தன. நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டினா எனக்கு எப்படித் தெரியும்? வாயத் தொறந்து சொல்லுங்க! இன்னா பூ?"

பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். ஓர் ஆட்டோ நின்றுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"செம்பருத்தி" என்றேன்.

"கேக்கல!"

"செம்பருத்தி!"

"இன்னா கலரு?"

"செவப்பு!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் தெருவில் கத்தினது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. ஆட்டோக்காரர் திரும்பி அந்தக் கையைப் பார்த்துவிட்டு, "ஆமா, செவப்புதான், இன்னா இப்ப?" என்றார். தங்கை கைதட்டினாள். மூத்தவர் கையை இறக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு, வண்டிகளை நிறுத்திவிட்டு, தெருவைக் கடந்து வந்தார்.

மறுநாள் மதியம் வரை கரண்ட் இல்லை. மூலக்குளத்திலிருந்து தேள் படம் போட்டுக்கொள்ள வந்த ஒருவரைச் சாயங்காலம் வரச் சொன்னோம். வந்தார். தோளில், அவர் கேட்டபடியே கருப்பில் போட்டு அனுப்பினேன்.